ஃப்ரோசன் பீட்சா, கரி கிரில்: எந்த முறை தேறும்?

ஜூலை மாதம் நியூ ஜெர்சியில் ஓவனைப் போட்டால் சமையலறையோடு மாடி அறையும் சேர்ந்து வேகும். பின்கட்டில் கிரில் சும்மா நிற்கிறது, கரி மூட்டை இருக்கிறது, ஃப்ரீசரில் பீட்சா இருக்கிறது. அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு கோடையில் நான்கு விதமாகச் சுட்டுப் பார்த்தாயிற்று: நேரே தணலுக்கு மேல், பீட்சா கல்லில், இரும்புத் தோசைக்கல்லில், கரியை ஓரமாக ஒதுக்கி மூடி போட்டு.

முதலில் நேரடித் தணல். சிம்னி (கரி பற்றவைக்கும் உலோகக் குழாய்) நிறைய கரியைப் பற்றவைத்துப் பரப்பி, பீட்சாவை அப்படியே கம்பித்தட்டில் வைத்தேன். நான்காவது நிமிடமே புகை. திறந்தால் சீஸ் துருவல் துருவலாக, பெட்டியிலிருந்து எடுத்த கோலத்திலேயே இருக்கிறது. தொட்டால் ஜில்லென்கிறது. அடியிலோ கம்பிக்குக் கம்பி கரிக்கோடு. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, அடியில தீ, மேல ஐஸு? தம் போடுறப்ப மூடி மேலயும் கங்கு வைப்போம்ல, அந்த மாதிரி மேல சூடு வேணாமா?" அவர் ஆம்பூர்க்காரர். பிரியாணியை மனதில் வைத்துச் சொன்னாலும், விஷயத்தின் ஆணிவேர் அதுதான்.

ஃப்ரோசன் பீட்சாவின் அடிமாவு பெரும்பாலும் ஏற்கெனவே பாதி வெந்தது. சூடு அதிகம் தேவைப்படுவது மேலே உறைந்து கிடக்கும் சாஸுக்கும் சீஸுக்கும்தான். பெட்டியில் 400 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 205 செல்சியஸ்), 20 நிமிடம் என்று போட்டிருந்தால், நாலாபுறமும் சூடு சூழ்ந்த ஓவனுக்கான கணக்கு அது. கிரில்லில் நெருப்பு கீழே மட்டும்தான்.

பிராவிடன்ஸ் நகரில் 1980-ல் தொடங்கிய அல் ஃபோர்னோ உணவகம் கிரில் பீட்சாவுக்குப் பேர்போனது, அங்கே நேரே தணலில்தானே சுடுகிறார்கள் என்று கேட்கலாம். அது பச்சை மாவு. ஒருபக்கம் சுட்டு, திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின் மேல்தான் சீஸும் சாஸும் வைக்கிறார்கள். எல்லாம் தூவி உறையவைத்து வந்ததை எப்படித் திருப்புவது?

அடுத்தது பீட்சா கல். நான் மிகவும் நம்பியது இதைத்தான், ஏமாந்ததும் இதில்தான். அரைமணி நேரம் சூடேற்றிய கல்லில் கல்லாய் உறைந்த பீட்சாவை வைத்த ஐந்தாவது நிமிடம் 'டப்' என்று ஒரு சத்தம். கல் இரண்டு துண்டு. சூட்டில் இருக்கும் கல்லின் ஒரு பகுதி மட்டும் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். சரி, உடையாவிட்டாலும் கல் செய்வது அடிச்சூட்டைத் தேக்குவதுதான். மேலே சீஸ் உருகும் முன் அடி கருகும். வீட்டில் பிசைந்த மாவுக்குக் கல் அருமை, ஃப்ரோசனுக்கு வேண்டாம்.

இரும்புத் தோசைக்கல் எளிதில் உடையாது, அவ்வளவுதான் அதன் பெருமை. மெல்லிய பீட்சாவின் அடியை மொறுமொறுவென்று ஆக்கும், தடிமனானதைத் தீய்த்துவிடும்.

கடைசி முறைக்குத்தான் என் ஓட்டு. சாம்பல் பூத்த கரியை இரு ஓரங்களில், பக்கத்துக்கு 25 துண்டு வீதம் ஒதுக்கிவிட்டு, நடுவை வெறுமையாக விடுங்கள். இது 22 அங்குல உருண்டை கிரில்லுக்கான கணக்கு. பத்து நிமிடம் மூடி போட்டு உள்ளே சூடு ஏறவிட்டு, அட்டையை எடுத்த பீட்சாவை நடுவில் வையுங்கள். உறைந்தபடியே வைப்பது நல்லது. இளகினால் மாவு தொய்ந்து கம்பிக்குள் இறங்கும். இனி வேலை செய்வது மூடி. 1952-ல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல் மிதவை செய்யும் உலோக அரைக்கோளங்களை வைத்து உருவாக்கியதுதான் வெபர் கெட்டில் என்ற இந்த உருண்டை கிரில். அந்தக் குவிந்த மூடிக்குள் காற்று சுழன்று மேற்பக்கத்தையும் வேகவைக்கும். மாமியார் கேட்ட மேல்கங்குக்கு ஈடு இதுதான். மேல் துளை முழுக்கத் திறந்திருக்கட்டும்.

ஏழாவது நிமிடம் இடுக்கியால் அரைவட்டம் திருப்ப ஒருமுறை திறக்கலாம். அதற்கு மேல் எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறந்தால் மேல்சூடு ஓடிவிடும்; காற்றுப் பட்ட கரி இன்னும் சீறும். இரண்டுமே நமக்கு எதிரி. மெல்லியதற்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். மாவு உப்பிவரும் ரகத்துக்கு இருபதைத் தாண்டும். சீஸ் கொதித்தபின் அடி வெளுத்திருந்தால், ஒரு நிமிடம் மட்டும் கங்குக்கு மேல் நகர்த்துங்கள். நேரடித் தணலுக்கு நான் கொடுக்கும் இடம் அந்த ஒரு நிமிடம்தான்.

கரியில் எது என்றால், கரித்தூளை அச்சில் வார்த்த பிரிக்கெட். கட்டைக்கரி சட்டென்று எகிறிச் சட்டென்று அடங்கும். பீட்சாவுக்கு வேண்டியது நிதானம். பற்றவைக்கும் திரவம் பக்கமே போகாதீர்கள், சீஸில் மண்ணெண்ணெய் வாடை வரும். அப்புறம், மழை என்று கராஜுக்குள் வைத்து மூட்டாதீர்கள். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

பீட்சா இறங்கிய பிறகும் கங்கு அரைமணி நேரமாவது உயிரோடு இருக்கும். மாமியார் அதற்குள் கத்தரிக்காயில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நிற்பார்.