திடீர்க் காற்றில் சிறு பாய்ப்படகு: சுருக்குவதா, ஓடுவதா, நிறுத்துவதா?

காற்றின் வேகம் 10 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) அளவிலிருந்து 20 நாட் அளவுக்கு ஏறினால் பாய் மீதான விசை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. படகு சாய்ந்து, சுக்கான் கைக்கு அடங்காமல் இழுக்கும்போது இந்தக் கணக்கு உடம்புக்கே புரிந்துவிடும்.

எந்த வழிக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: பாய்க்கயிற்றை இளக்கிவிடுங்கள், படகு நிமிரும். ஆனால் படபடக்கும் பாயை அப்படியே விட்டுவைத்தால் கிழியும். கிடைத்திருப்பது கொஞ்ச நேரம்தான்.

பெரிய பாயின் அடிப்பகுதியை மடித்து பூமோடு (பாயின் அடியோரத்தைப் பிடித்திருக்கும் கிடைக்கழி) கட்டிச் சுருக்குவதே நிலையான தீர்வு. பாயின் பரப்பு குறைகிறது, காற்று தள்ளும் இடமும் கீழே இறங்குகிறது. எதிர்காற்றிலும் முன்னேறலாம். சிக்கல் என்னவென்றால், காற்று ஏறுமுன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கட்ட வேண்டும். தனியாள் என்றால், குதிக்கிற படகில் பாய்மரத்தடிக்குப் போவது தண்ணீரில் விழ நல்ல வழி.

காற்றோடு ஓடுவதை நான் நம்புவதில்லை. 20 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் ஓடினால் முகத்தில் படுவது 14 நாட்தான். 'அடங்கிவிட்டது' என்று தோன்றும், திரும்பும்போதுதான் தெரியும். கொஞ்சம் திசை தவறினாலும் காற்று பாயின் மறுபுறம் புகுந்து, பூம் படகின் குறுக்கே வீசி மண்டையைப் பதம் பார்க்கும். ஓடியே ஆகவேண்டுமென்றால், முதலில் காற்றுக்கு எதிரே திரும்பிப் பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயோடு மட்டும் ஓடுங்கள்.

என் தேர்வு படகை 'நிறுத்துவது', அதாவது ஹீவ்-டூ. முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலே, மூக்கைக் காற்றுக்கு எதிரே கொண்டுபோய்ப் படகை மறுபக்கம் திருப்புங்கள். பாய் இப்போது எதிர்ப்பக்கமாக உப்பி நிற்கும். பெரிய பாயை இளக்கி, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளிக் கட்டுங்கள். முன்பாய் மூக்கை ஒருபுறம் தள்ள, சுக்கான் மறுபுறம் திருப்ப, படகு மெல்ல ஒதுங்கியபடி கிடக்கும். இரண்டு கையும் உங்களுடையது! அந்த அமைதியில் பாயைச் சுருக்கலாம். ஆழமான கீல் (அடியில் நீருக்குள் நீளும் நிலையான தகடு) உள்ள படகு இதற்கு நன்றாகப் பணியும். தூக்கி இறக்கும் பலகை கொண்ட சின்னப் படகுகளில் சில முரண்டு பிடிக்கும். உங்களுடையது எந்த ரகமென்று மிதமான காற்றிலேயே பார்த்துவிடுங்கள்.

காற்று தள்ளும் பக்கத்தில் கரை நெருங்கியிருந்தால் ஓடவும் முடியாது, ஒதுங்கிக் கிடக்கவும் முடியாது. நங்கூரம் பிடிக்கும் ஆழமென்றால் பாய்களை இறக்கி அதைப் போடுங்கள். இல்லையென்றால், அரைகுறையாகச் சுருக்கிய பாயோடு காற்றை எதிர்த்தே ஏற வேண்டியதுதான்.