கோத்தகிரி ஏற்றத்துக்கு எந்தப் பழைய கார்: ஆல்டோ 800, வேகன்-ஆர், டீசல் ஸ்விஃப்ட்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் கீழே இறங்குகிறோம், சாயங்காலம் அதே உயரத்தை ஏறி வீடு திரும்புகிறோம். பழைய கார் வாங்கும்போது இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கீழே சமவெளியில் கேட்பார்கள். நான் கேட்பது வேறு. நாலு பேரும் அரிசி மூட்டையும் ஏறின பிறகு, கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நிறுத்திவிட்டால், பின்னால் உருளாமல் வண்டி கிளம்புமா?

கையில் இரண்டரை, மூன்று லட்சத்தோடு பழைய கார் விற்கும் கன்சல்டிங்குக்குப் போனால் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் காட்டுவார்கள்.

ஆல்டோ 800 விலையில் சின்னது, பராமரிப்பும் கையைக் கடிக்காது. கடைவீதிச் சந்தில்கூடத் திருப்பிவிடலாம். 796 சிசி, 48 குதிரைத்திறன், 69 நியூட்டன் மீட்டர் இழுவிசை. இது சமவெளிக் கணக்கு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும், அந்த 48 கிட்டத்தட்ட 38 ஆகிவிடும். ஒருவர் இருவராக ஊருக்குள் ஓட்டுவதற்கு அது போதும். குடும்பத்தோடு மலையேறினால் பல வளைவுகளில் முதல் கியருக்கு வந்துதான் தீர வேண்டும். அரை கிளட்சிலேயே ஓட்டுவது பழகிப்போகும், கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். மாதம் ஒருமுறைகூட மேட்டுப்பாளையம் இறங்காதவர்கள் தாராளமாக இதை வாங்கலாம்.

டீசல் ஸ்விஃப்ட் இதற்கு நேர் எதிர். 1,248 சிசி, 75 குதிரைத்திறன், இழுவிசை 190 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. டர்போ காற்றை அழுத்திக் கொடுப்பதால் உயரமும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. மற்ற இரண்டும் இரண்டாவது கியரில் முனகுகிற இடத்தில் இது மூன்றாவதில் அலுங்காமல் ஏறும். ஓட்டிப் பார்த்தால் மனசு அதில்தான் நிற்கும், எனக்கும் அப்படித்தான் நின்றது. ஆனால் 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டது. நம் பட்ஜெட்டில் கிடைப்பது பெரும்பாலும் பத்து வருடம் தாண்டிய, ஒரு லட்சம் கிலோமீட்டர் பார்த்த வண்டி. அந்த வயதில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ டர்போவோ போனால் ஒரே பில்லில் சேமிப்பு கரைந்துவிடும். தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் சூடேறவே சூடேறாது, டீசலுக்கு அது ஆகாது. வாரம் மூன்று நான்கு முறை கோவைக்குப் போய் வருகிறவருக்கு மட்டும் இது கட்டுப்படியாகும்.

வேகன்-ஆர் 1.0க்கு 998 சிசி, 68 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், பெல்ட் மாதிரி அவ்வப்போது மாற்ற வேண்டியதில்லை. உயரமான சீட் என்பதால் வளைவில் பானட்டின் முனைவரை தெரிகிறது. முட்டிவலிக்கார அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்காருகிறார். உயரமான உடம்பு வளைவில் கொஞ்சம் சாயும், வேகமாகத் திருப்பக் கூடாது. அந்தச் சாய்வு பிடிக்காவிட்டால் அதே எஞ்சின் இன்னும் எடை குறைவாக ஆல்டோ கே10ல் இருக்கிறது.

இன்சூரன்ஸையும் சேர்த்துப் பாருங்கள். 1,000 சிசிக்குள் இருந்தால் மூன்றாம் நபர் பிரீமியம் வருடத்துக்கு 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1,500 சிசி வரை 3,416, வரி தனி. 2022ல் வந்த விகிதம் இது. ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று முடியும் தேதியையும் பார்த்துவிடுங்கள். 15 வருடம் ஆனதும் வண்டியை எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600லிருந்து 5,000 ஆக்கினார்கள்.

எந்த மாடல் என்பதைவிட அந்த வண்டி எங்கே ஓடியது என்பதுதான் எனக்கு முக்கியம். மலையில் ஓடிய வண்டியின் மீட்டரை அப்படியே நம்ப முடியாது. இரண்டாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, டாப் கியரில் 60ல் போகிற அளவுக்கு எஞ்சின் சுற்றுகிறது. மீட்டரில் நாற்பதாயிரம் என்று இருந்தாலும் எஞ்சின் உழைத்தது அதைவிட எவ்வளவோ அதிகம். எங்கே ஓடியது என்று விசாரிக்காமல்தான் என் முதல் வண்டியை வாங்கினேன். பெயிண்ட் பளபளத்தது, தரகர் "ஒரே ஓனர், டீச்சர் ஓட்டினது" என்றார். மூன்றாம் மாதம் மழையில் காலடி மேட் நனைந்து கிடந்தது. மெக்கானிக் அண்ணன் மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் தகட்டைத் தொட்டார். துருவேறிப்போன தகடு, பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது, ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. "தம்பி, வாங்குறதுக்கு முந்தி கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே" என்றார். அந்தத் தகடு வெல்டிங்குக்கு ஆன செலவில் நாலு டயர் போட்டிருக்கலாம்.

அதன்பிறகு எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அண்ணனோடுதான் போகிறேன். முதலில் மேட், பிறகு ஸ்டெப்னி கிடக்கும் குழி. அடுத்து பிரேக் ஆயில் மூடியைத் திறந்து நிறம் பார்ப்பார். கறுத்திருந்தால் வருடக்கணக்காக மாற்றவில்லை என்று அர்த்தம். பழைய ஆயில் ஈரம் இழுத்து வைத்திருக்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானதும் கொதித்துப் பெடல் பஞ்சாகிவிடும். குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் சக்கரத்தில் புகையோடு ஓரம் கட்டிய வண்டிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும்படி இரண்டாவது கியரில் இறங்காததும் சேர்ந்த வினை அது. பிரேக் விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. இன்னும் ஐம்பதாயிரம் புரட்ட முடிந்தால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியைத் தேடுங்கள், அவற்றில் ஏ.பி.எஸ். கட்டாயம், அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு அது. மழையில் சறுக்கும் தார் ரோட்டில் அதற்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

நான் கடைசியில் எடுத்தது வேகன்-ஆர். கீழே ஓடிய வண்டி, இரண்டாவது ஓனர். சமதரையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன், தங்கை, அவள் பையன், நான் என்று நாலு பேரும் ஏறி, குஞ்சப்பனை வரை ஏற்றி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு மறுபடி கிளப்பினோம். கிளட்ச் வாடை இல்லை. அங்கேயே முன்பணம் கொடுத்தேன்.