வி.ஏ.ஆரா, கோச் கையில கார்டா? நாட்டு டீம்களுக்கு எது நியாயம்

2024 ஜூன் 11, ராத்திரி. தோஹாவுல இந்தியா - கத்தார், வேர்ல்டு கப் தகுதிச்சுற்று மேட்ச். போன்ல பார்த்துட்டு இருந்தேன். சாங்தே போட்ட கோல்ல நாம 1-0 முன்னாடி இருக்கோம், இப்படியே முடிஞ்சா முதல் தடவையா ஆசியாவோட மூணாவது சுற்றுக்குப் போயிடலாம். 73-வது நிமிஷம் ஒரு ஃப்ரீ கிக் வருது, கத்தாரோட யூசுஃப் அய்மன் தலையால முட்டுறார், நம்ம கீப்பர் குர்ப்ரீத் தடுத்துட்டு கீழ விழறார், பந்து அவரைத் தாண்டி உருண்டு போஸ்டுக்கு வெளிப்பக்கமா கோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. கார்னர்தான்னு நெனச்சு நம்ம ஆளுங்க நின்னுட்டாங்க. அந்த நேரத்துல ஹாஷ்மி ஹுசைன் வெளிய போன பந்தை காலால உள்ள இழுத்து விடறார், அய்மன் அதை வலைக்குள்ள தள்ளிட்டார். கோல்னு குடுத்துட்டாங்க. ரீப்ளேல கோட்டுக்கும் பந்துக்கும் நடுவுல புல்லு தெரியுதுங்க, அவ்வளவு தெளிவா வெளிய இருந்துச்சு. 85-ல இன்னொரு கோல், 2-1, கதை முடிஞ்சுது. குவைத் 7 பாயிண்டோட மேல போச்சு, நாம 5 பாயிண்டோட நின்னுட்டோம்.

அந்த சுற்றுல வி.ஏ.ஆர், அதாவது இன்னொரு ரெஃப்ரி வீடியோவுல பார்த்து தப்பைத் திருத்தச் சொல்ற முறை, கிடையாது. அதுக்கு ஒண்ணரை வருஷம் முன்னாடி, 2022 டிசம்பர் 1, அதே கத்தார்ல ஜப்பான் - ஸ்பெயின் மேட்ச் ஞாபகம் இருக்கா? மிட்டோமா கோட்டு மேல ஓடிப் போய் பந்தை உள்ள திருப்பினார், தனாகா கோல் போட்டார், பந்து வெளிய போச்சா இல்லையான்னு கேமரா வச்சு மில்லிமீட்டர் கணக்குல பார்த்து, உள்ளதான் இருந்துச்சுன்னு கோல் குடுத்தாங்க. அதுல ஜெர்மனி வேர்ல்டு கப்பை விட்டே வெளிய போச்சு. ரெண்டும் ஒரே கேள்விதான், கோலுக்குப் பக்கத்துல பந்து கோட்டைத் தாண்டுச்சா. ஒரு மேட்ச்ல நூல் அளவுக்கு அளந்தாங்க, இன்னொண்ணுல கண்ணுக்கு நல்லா தெரிஞ்சதையே பார்க்க வழியில்ல. வி.ஏ.ஆர் நியாயமானு யாராவது கேட்டா எனக்கு முதல்ல இந்த ரெண்டு மேட்ச்சும்தான் மனசுல வரும். அது சரியா வேலை செய்யுதாங்கறது ஒரு கேள்வி, யாருக்கெல்லாம் கிடைக்குதுங்கறது இன்னொரு கேள்வி, ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் எந்த வழி நல்லதுன்னு பார்க்கணும்.

ஆளை மட்டும் நம்பற பழைய முறைக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம். அது போதும்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க, ஆட்டத்தோட ஓட்டம் கெடக்கூடாதுங்கறாங்க, அந்த ஆசை எனக்கும் புரியுது. ஆனா 2009 நவம்பர்ல பாரிஸ்ல பிரான்ஸ் - அயர்லாந்து பிளே ஆஃப் பார்த்தவங்க அதை சொல்ல மாட்டாங்க. ஆன்ரி கையால பந்தை நிறுத்தி எடுத்துக் குடுக்க காலாஸ் கோல் போட்டார், அயர்லாந்து கோல்கீப்பர் ஷே கிவன் தன் கையைத் தட்டிக் காட்டிக்கிட்டே ரெஃப்ரி பின்னாடி ஓடினார். உலகம் பூரா டிவில பார்த்தாச்சு, பார்க்காதது விசில் வச்சிருந்த ஆள் ஒருத்தர்தான். அடுத்த வருஷம் ப்ளூம்ஃபான்டெய்ன்ல லாம்பார்டு அடிச்ச பந்து கிராஸ்பார்ல பட்டு கோட்டுக்கு நல்லா உள்ள விழுந்து வெளிய வந்துச்சு, அதுவும் கோல் இல்ல.

ஆளையே கூட்டி பார்க்கலாம்னு ஒரு வழி இருந்துச்சு, கோலுக்குப் பக்கத்துல கூடுதலா ஒரு ரெஃப்ரியை நிக்க வைக்கறது. ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஇஎஃப்ஏவோட தலைவரா இருந்த பிளாட்டினிக்கு இதுல பெரிய நம்பிக்கை. 2012 யூரோல டொனெட்ஸ்க்ல உக்ரைன் - இங்கிலாந்து மேட்ச், டேவிச் அடிச்ச பந்தை ஜான் டெர்ரி கோட்டுக்கு உள்ள இருந்து உதைச்சு வெளிய தள்ளினார், அந்தக் கூடுதல் ரெஃப்ரி சில அடி தூரத்துல நின்னு அந்தக் கோட்டையேதான் பார்த்துட்டு இருந்தார், அவருக்குத் தெரியல. அவர் மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, அந்த வேகத்துல மனுஷக் கண்ணுக்கு அவ்வளவுதான் முடியும். அந்த ஆட்டத்துல அதுக்கு முன்னாடி உக்ரைன் பக்கம் ஒரு ஆஃப்சைடும் (பந்தை அனுப்பற நேரத்துல எதிர் டீம் டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னாடி நிக்கறது) விட்டுப்போச்சு, ஒரே அட்டாக்ல ரெண்டு தப்பு.

அடுத்து மெஷின். கோட்டைத் தாண்டுச்சா இல்லையான்னு சொல்ற கோல் லைன் டெக்னாலஜி 2012 ஜூலைல அனுமதி வாங்கி 2014 வேர்ல்டு கப்ல வந்துச்சு, ரெஃப்ரி கையில இருக்கற வாட்ச் ஒரு செகண்டுக்குள்ள அதிரும், அவ்வளவுதான், சண்டை இல்ல. எல்லா வழியிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஆனா இதுக்கு தெரிஞ்சது ஒரே கேள்வி, ரெண்டு போஸ்டுக்கு நடுவுல பந்து தாண்டுச்சா. தோஹாவுல நமக்கு நடந்தது போஸ்டுக்கு வெளிய, அங்க இது இருந்திருந்தாலும் நமக்கு ஒண்ணும் பண்ணியிருக்காது.

ஆஃப்சைடு மெஷின் கொஞ்சம் வேற மாதிரி. கத்தார் 2022-ல 12 கேமரா, ஒவ்வொரு ஆளோட உடம்புலயும் 29 புள்ளி, செகண்டுக்கு 50 தடவை, பந்துக்குள்ள இருந்த சென்சார் செகண்டுக்கு 500 தடவை தகவல் அனுப்புச்சு. சவுதி - அர்ஜென்டினா மேட்ச்ல முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவோட மூணு கோல் ஆஃப்சைடுல போச்சு, சவுதி 2-1 ஜெயிச்சுது. பெரிய டீம்னு மெஷின் தயங்காது, மெஸ்ஸின்னு பயப்படாது. சின்ன டீம் பக்கம் நின்னு பார்க்கறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஆனா ஒரு இடத்துல எனக்கு உறுத்தும். 2024 யூரோ, டார்ட்மண்ட்ல ஜெர்மனி - டென்மார்க். ஆண்டர்சன் கோல் போட்டார், டிலேனியோட கால் விரல் நுனி முன்னாடி இருந்துச்சுன்னு போச்சு. டென்மார்க் கோச் யுல்மாண்ட் அப்புறம் பிரஸ் மீட்ல போன்ல அந்தப் படத்தைக் காட்டி ஒரு சென்டிமீட்டர்னு சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்க, செகண்டுக்கு 8 மீட்டர் ஓடற ஆள், செகண்டுக்கு 50 படம்னா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 16 சென்டிமீட்டர் நகர்ந்துடறார், நடுவுல இருக்கற இடம் கணக்குல நிரப்பறதுதான். அப்போ ஒரு சென்டிமீட்டர்னு கோடு கிழிச்சா அது எவ்வளவு தூரம் உண்மை? கிரிக்கெட்ல டிஆர்எஸ் பார்த்துப் பழகின நமக்கு அம்பயர்ஸ் கால் தெரியும், ரொம்ப நெருக்கமா இருந்தா அம்பயர் குடுத்ததே நிக்கும்னு விட்டுடறாங்க. அதை எல்லாரும் திட்டறோம், ஆனா அளக்கற கருவிக்கும் ஒரு எல்லை இருக்குன்னு ஒத்துக்கற நேர்மை அதுல இருக்கு. ஃபுட்பால் ஆஃப்சைடுக்கும் அப்படி ஒரு இடம் விடணும்னுதான் நான் நெனக்கிறேன், அஞ்சு சென்டிமீட்டருக்குள்ளன்னா லைன்ஸ்மேன் சொன்னதே நிக்கட்டும்.

இப்போ வி.ஏ.ஆருக்கு வருவோம். 2018-ல சட்டத்துல எழுதினப்போ நாலு விஷயத்துக்குத்தான்னு வச்சாங்க, கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறி கார்டு காட்டினது. அதுலயும் தெளிவான பெரிய தப்பா இருந்தாத்தான் தலையிடணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எது தெளிவுன்னு முடிவு பண்றது யாரு? தனியா ஒரு ரூம்ல ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்கற இன்னொரு ரெஃப்ரி. மைதானத்துல ஒருத்தரோட அபிப்பிராயம் இருந்துச்சு, இப்போ அது மேல இன்னொருத்தரோட அபிப்பிராயம் வந்திருக்கு.

ரஷ்யா வேர்ல்டு கப்ல மொத்தம் 29 பெனால்டி குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி ஒரு வேர்ல்டு கப்ல அதிகபட்சமே 18-தான். நிறைய தப்பு பிடிபட்டுதுங்கறது உண்மை, நெய்மாருக்குக் குடுத்த பெனால்டியை கோஸ்டாரிகா மேட்ச்ல திருப்பி வாங்கினாங்க, நல்ல முடிவு. ஆனா அதே போட்டியில செர்பியா - சுவிட்சர்லாந்து மேட்ச், மித்ரோவிச்சை ரெண்டு சுவிஸ் ஆளுங்க ரெண்டு பக்கமும் கட்டிப் பிடிச்சு கீழ தள்ளினாங்க, ரெஃப்ரி அவர் மேலயே ஃபவுல் குடுத்தார், ரூம்ல இருந்து ஒரு சத்தமும் இல்ல. செர்பியா யார்கிட்ட போய் கேக்கறது? கேக்கற உரிமையே இல்ல. கையால டிவி பெட்டி வரைஞ்சு காட்டினா மஞ்சள் கார்டு. எனக்கு வி.ஏ.ஆர் மேல இருக்கற பெரிய வருத்தமே இதுதான், பாதிக்கப்பட்டவன் வாயைத் திறக்கக்கூடாது, ஆனா அவன் சார்பா யாரோ ஒருத்தர் பார்த்துப்பாங்கன்னு நம்பி நிக்கணும்.

ஜெர்மனியையே எடுத்துக்கோங்க. டென்மார்க்கோட கோல் போன அஞ்சு நிமிஷத்துல அதே ஆண்டர்சன் கையில பந்து லேசா உரசுச்சு, பந்துக்குள்ள இருந்த சென்சார் ஈசிஜி மாதிரி ஒரு துடிப்பை ஸ்கிரீன்ல காட்டுச்சு, ஹாவர்ட்ஸ் பெனால்டி போட்டார், கடைசில ஜெர்மனி 2-0 ஜெயிச்சுது. ஆறு நாள் கழிச்சு ஸ்டுட்கார்ட்ல ஸ்பெயினோட கால் இறுதி, 1-1, எக்ஸ்ட்ரா டைம், ஜெர்மனியோட முசியாலா அடிச்ச பந்து ஸ்பெயினோட குக்குரேயா கையில போய் படுது. உரசல் இல்ல, நல்லா பட்டுச்சு. பெனால்டி இல்ல, ரூம்ல இருந்து கூப்பிடவும் இல்ல. கடைசில மெரினோ கோல், ஜெர்மனி வெளிய. அப்புறம் செப்டம்பர்ல யூஇஎஃப்ஏவோட ரெஃப்ரி கமிட்டியே அது பெனால்டிதான்னு சொல்லிடுச்சு. ஒரே போட்டி, ஒரே டீம், ஒரே விதி, ஒருநாள் உரசினதுக்கு உண்டு, இன்னொருநாள் பட்டதுக்கு இல்ல. கையில பட்டுச்சாங்கறதை சென்சார் சொல்லும், அது தப்பாங்கறதை சொல்லாது.

இதுக்கு எதிரா நான் வச்சுப் பார்க்கறது ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்னு ஃபிஃபா 2024-ல சோதனை பண்ண ஆரம்பிச்ச முறை, கொலம்பியால நடந்த 20 வயசுக்குக் கீழ பெண்கள் வேர்ல்டு கப்ல இதுதான் இருந்துச்சு. ரூம் கிடையாது, அதுக்குன்னு தனி வீடியோ ரெஃப்ரி கிடையாது. ரெண்டு கோச்சுக்கும் மேட்ச்சுக்கு ரெண்டு வாய்ப்பு. தப்புன்னு தோணினா உடனே விரலை மேல தூக்கிச் சுத்திக் காட்டிட்டு சைடு லைன்ல நிக்கற ஃபோர்த் அஃபிஷியல் கையில கார்டைக் குடுக்கணும், ரெஃப்ரி தானே மானிட்டர்ல போய்ப் பார்த்து முடிவு சொல்வார். தீர்ப்பு மாறினா வாய்ப்பு கையிலேயே இருக்கும், மாறலன்னா போச்சு. நம்ம டிஆர்எஸ் மாதிரியேதான்.

இதுல ஒரு உண்மை இருக்கு, மைதானத்துல அநியாயம் நடந்தா அது முதல்ல தெரியறது அந்த டீமுக்குத்தான். ஷே கிவனுக்குத் தெரிஞ்சுது. 1986-ல மரடோனா கையால போட்டப்போ இங்கிலாந்து ஆளுங்க ரெஃப்ரியை நோக்கி ஓடினாங்க, அவங்களுக்கும் தெரிஞ்சுது. தோஹாவுல நம்ம டிஃபெண்டர்ஸ் ஆட்டத்தையே நிறுத்திட்டாங்களே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அப்போ நம்ம கோச்சா இருந்த ஸ்டிமாச் கையில ஒரு கார்டு இருந்திருந்தா அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், டிவில காட்டின ஒரே கோணம் போதும். குக்குரேயா விஷயத்துலயும் ஜெர்மனி பெஞ்ச் கண்டிப்பா கேட்டிருக்கும். ரெஃப்ரி பார்த்துட்டும் இல்லன்னு சொல்லியிருக்கலாம், சொல்லட்டும், அவர் பார்த்துட்டு சொன்னார்னு ஆகும்.

குறை இல்லாம இல்ல. கேமரா நாலஞ்சுதான்னா சரியான கோணம் சிக்காமப் போகலாம். ரெண்டு வாய்ப்பையும் அவசரத்துல தொலைச்சுட்டு 90-வது நிமிஷத்துல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கற கோச்சும் இருப்பார், கிரிக்கெட்ல இதை எத்தனை தடவை பார்த்திருக்கோம். ஜெயிச்சுட்டு இருக்கற டீம் நேரத்தைக் கடத்தவே கார்டைத் தூக்கலாம், அதுக்கு அந்த நேரத்தை முழுசா கடைசில சேர்க்கறதுல ரெஃப்ரி கறாரா இருக்கணும். அப்புறம் ஆஃப்சைடு, பெஞ்ச்ல உக்காந்து அரை அடி ஆஃப்சைடை எந்த கோச்சாலயும் பார்க்க முடியாது, அங்க மெஷின்தான் வேணும். வேர்ல்டு கப் மாதிரி பணம் இருக்கற இடத்துல கோட்டுக்கும் ஆஃப்சைடுக்கும் மெஷின், மத்த எல்லாத்துக்கும் கோச் கையில கார்டு, இதுதான் என் தேர்வு.

இன்னொரு பக்கமும் நியாயமா சொல்லணும். 2019 பெண்கள் வேர்ல்டு கப், ஸ்காட்லாந்து - அர்ஜென்டினா. 3-0 முன்னாடி இருந்த ஸ்காட்லாந்து கடைசில 3-2-ல நிக்குது, வி.ஏ.ஆர் பார்த்து அர்ஜென்டினாவுக்கு ஒரு பெனால்டி, லீ அலெக்சாண்டர் தடுத்துட்டாங்க, ஸ்காட்லாந்து துள்ளுது. கீப்பர் கால் கோட்டை விட்டு முன்னாடி வந்துடுச்சுன்னு ரூம்ல இருந்து சொல்ல மறுபடி அடிக்க வச்சாங்க, கோல், 3-3, ஸ்காட்லாந்து வீட்டுக்குப் போச்சு. விதிப்படி சரிதான், மறுக்க முடியாது. கார்டு முறையா இருந்தா அர்ஜென்டினா கோச் அந்தக் காலைப் பார்த்திருக்கவே மாட்டார், அந்த விதிமீறல் அப்படியே போயிருக்கும். அது எனக்கு சம்மதமான்னு என்னையே கேட்டுப் பார்த்தேன், சம்மதம்தான். யாருமே குறை சொல்லாத ஒரு தப்பைத் தேடிப்போய் பிடிக்கறதை விட, கத்திக் கேக்கற ஒரு டீமுக்கு பதில் சொல்றது முக்கியம்னு நெனக்கிறேன்.

காசு விஷயமும் இருக்கு. வி.ஏ.ஆருக்கு பயிற்சி எடுத்த வீடியோ ரெஃப்ரிங்க, ஆபரேட்டர், நிறைய கேமரா எல்லாம் வேணும், அதனாலதான் ஆசியாவுல தகுதிச்சுற்றோட ரெண்டாவது கட்டத்துல இல்ல, மூணாவதுல இருந்துச்சு. அதாவது ஏற்கனவே மேல வந்துட்ட டீம்களுக்கு பாதுகாப்பு, மேல வரப் போராடற டீம்களுக்கு கிடையாது. கார்டு முறைக்கு வேண்டியது டிவில ஏற்கனவே ஓடிட்டு இருக்கற கேமராவும் சைடு லைன்ல ஒரு மானிட்டரும்தான். தோஹாவுல அன்னைக்கு அந்த ரீப்ளேவை நான் போன்ல பார்த்தேன், ரெஃப்ரிக்கு ஒரு ஸ்கிரீன் இல்ல. 2030 தகுதிச்சுற்றுல ஆசியாவோட முதல் மேட்ச்சுலேர்ந்தே, யார் சொந்த ஊர்ல ஆடினாலும், அந்த மானிட்டர் அங்க இருக்கணும்.