முள்ளில்லாக் கள்ளி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 9,600 ரூபாய் போச்சு

இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆட்டுக்குத் தீவனமாகும், பழமும் கிடைக்கும் என்று முள்ளில்லாக் கள்ளி தேடிக்கொண்டிருந்தேன். வீடியோ போட்டு ஆர்டர் எடுக்கும் ஒரு நர்சரி சிக்கியது. பெயர் வேண்டாம். 60 மடல் (நடுவதற்கு வெட்டிய தட்டையான தண்டு), ஒன்று 150 ரூபாய், பார்சல் 600. ஆக 9,600.

பிரித்தபோதே சந்தேகம் வரத்தான் செய்தது. மடல் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பழுப்புப் புள்ளி, தடவினால் சொரசொரப்பு. உடனே கூப்பிட்டேன். "அது கண்ணு சார், அங்கருந்துதான் துளிர் வரும்" என்றார். உண்மைதான். "விரல்ல ஏறுதே?" என்றேன். "சுணை முள்ளில்லாக் கள்ளியிலயும் உண்டு சார்." அதுவும் உண்மை. அடுத்தடுத்து இரண்டு உண்மையைச் சொன்ன ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? பத்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் நட்டேன்.

துளிரில் மெத்தென்று குட்டி இலைகள் வந்தன. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் அவை உதிர்ந்தன. அந்த இடத்தில் லேசாக வளைந்த மஞ்சள் முள், கண்ணுக்கு நாலைந்து. "கம்மாக்கரையில கெடக்குற சப்பாத்திக்கள்ளியவா காசு குடுத்து வாங்குன?" என்றார் அப்பத்தா. பழைய மடலை உற்றுப் பார்த்தால், கண்ணுக்குக் கண் முள்ளை நறுக்கிய அடிக்கட்டை. 60 மடலிலும்!

இந்தக் கள்ளியின் தொல்லை தாங்காமல்தான் 1926இல் இலங்கையிலிருந்து கள்ளியின் சாற்றை உறிஞ்சி அழிக்கும் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் 9,600 ரூபாய் கொடுத்து வாங்கித் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்.

போன் செய்தால், "வெயில் ஜாஸ்தி சார், அதான் முள் விடுது." முள்ளில்லா ரகம் வாட்டத்தில் ஒன்றிரண்டு விடும்தான், இப்படி வேலி போடாது. அடுத்த தடவை "ஓனர் வெளியூர்". அப்புறம் நீல டிக் மட்டும். இன்று அதுவும் இல்லை.

அடையாளமெல்லாம் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இது: கண்ணில் நறுக்கிய அடிக்கட்டை இருக்கிறதா பாருங்கள். தாய்ச்செடியில் புது மடலை நேரில் பார்த்து வாங்குங்கள். முதலில் இரண்டே மடல் போதும். விதைக் கன்று வேண்டாம், அதில் முள் திரும்ப வரலாம். முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பாதீர்கள்.

60ஐயும் பிடுங்கிப் பாறை மேல் குவித்திருக்கிறேன், மண்ணில் போட்டால் மறுபடி வேர் பிடிக்கும். கட்டைவிரல் முழுக்கச் சுணை. இதற்கு மேல் டைப் அடிக்க முடியவில்லை.