ஜாஸ் மெட்டுக்குக் கார்டு: டிராப் டூவா, ஷெல்லா?

ஒற்றைக் கிட்டாரில் ஜாஸ் மெட்டையும் கார்டையும் (ஒன்றாக ஒலிக்கும் நோட்டுகளின் கூட்டு) சேர்த்து வாசிக்க இரண்டு வழி உண்டு. மெட்டின் ஒவ்வொரு நோட்டுக்கும் அடியில் முழுக் கார்டு வைப்பது டிராப் டூ. கார்டின் அடி நோட்டிலிருந்து ஸ்கேலில் எண்ணினால் வரும் மூன்றாம், ஏழாம் நோட்டை மட்டும் பிடித்து, மேலே மெட்டை ஓடவிடுவது ஷெல். நான் ஷெல் பக்கம் வந்துவிட்டேன்.

டிராப் டூ எளிது. நெருக்கமாக அடுக்கிய நாலு நோட்டில் மேலிருந்து இரண்டாவதை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கினால் விரலுக்கு எட்டிவிடும். சி மேஜர் செவன் என்ற கார்டுக்கு 4ஆம் கம்பியிலிருந்து (மெல்லிய கம்பிதான் 1) 1ஆம் கம்பி வரை 5, 5, 5, 7 ஃபிரெட், உச்சியில் பி நோட்டு. சர்ச் கொயரில் நாலு குரலில் பாடி வளர்ந்த நாகர்கோவில், மார்த்தாண்டம் காதுகளுக்கு இது உடனே பிடிக்கும். ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி ஒற்றை நோட்டில் தொடங்கி, ஆக்டேவுக்குப் போய், அப்புறம் கார்டுகளாலேயே சோலோவை உச்சிக்குக் கொண்டுபோவதைக் கேட்டால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆனால் விரலைக் கவனியுங்கள். நாலு விரலும் கார்டில் மாட்டிக்கொண்டால், மெட்டு நகரும்போதெல்லாம் கையும் எழும்ப வேண்டும். அந்த நொடியில் சத்தம் அறுந்துவிடும். ஷெல்லில் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் வரிசையை எடுங்கள். ஜாஸில் ஓயாமல் வருவது இது. 4ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட்டில் எஃப், 3ஆம் கம்பி 5ஆம் ஃபிரெட்டில் சி. அடுத்த கார்டுக்கு சி மட்டும் ஒரு ஃபிரெட் இறங்கி பி ஆகும். அதற்கடுத்து எஃப் ஒரு ஃபிரெட் இறங்கி ஈ ஆகும். அவ்வளவுதான், மூன்று கார்டும் வந்துவிட்டன. மிச்சமுள்ள இரண்டு விரலும் மெல்லிய மேல் கம்பிகளில் மெட்டை இழுக்கலாம், வழுக்கலாம், அசைக்கலாம். கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டுப் பழகிய எனக்கு, வழுக்கிப் போக முடியாத மெட்டு பாதி மெட்டுதான்.

கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் மிகச் சில நோட்டுகளிலேயே தாளத்தைத் தாங்கினார். ஆனால் அங்கே அடி நோட்டுகளுக்கு பேஸ் வாத்தியம் வாசிக்க ஆள் இருந்தார். தனியாக வாசித்தால் ஷெல் மெலிந்து கேட்கும். டி, ஜி, சி என்ற அடி நோட்டுகளைக் தடித்த கீழ்க் கம்பிகளில் சேர்க்கலாம், ஆனால் மெட்டுக்கு ஒரே விரல்தான் மிஞ்சும்.

நான் பெரும்பாலும் மெதுவான பாலட் வாசிக்கிறவன். பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியில் இந்தக் கணக்கு மாறக்கூடும். பாலட்டிலும் வரி முடிந்து நீண்டு நிற்கிற நோட்டுக்கு டிராப் டூதான் போடுகிறேன். அங்கே மெட்டு நகராது, நாலு குரலும் நிறைந்து ஒலிக்க இடம் இருக்கிறது.