பழைய காரில் சன்ரூஃப்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

சன்ரூஃப் வைத்த பழைய கார் எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்: கண்ணாடி உடைந்துவிடுமோ, வெயிலில் உள்ளே உட்கார முடியாதோ. ஆறேழு வருடம் ஓடிய வண்டியில் இவை இரண்டும் சமாளிக்கக்கூடியவை. பர்ஸைப் பதம் பார்ப்பது தண்ணீர். அதற்கு அடுத்தபடி, கண்ணாடியை இழுத்துச் செல்லும் ரெயில். இவை ஒழுங்காக இருக்கிற வண்டியில் சன்ரூஃப் வருடக்கணக்கில் தொல்லை தராது. ஒழுங்காக இல்லையென்றால் மேலே ஆரம்பிக்கும் கோளாறு கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங் வரைக்கும் இறங்கிவிடும்.

கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், தண்ணீரை ஒரு சொட்டுக்கூட விடாமல் தடுப்பதற்காகச் செய்ததல்ல. காற்றையும் மழையின் பெரும்பகுதியையும் அது நிறுத்தும். மிச்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதை வாங்கிக்கொள்ளக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு தட்டு இருக்கிறது. அதன் நான்கு மூலையிலும் துளை, ஒவ்வொரு துளையிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு டிரெயின் டியூப். முன் டியூப்கள் விண்ட்ஷீல்டின் பக்கத் தூண்கள் வழியாக இறங்கி, முன்கதவுக் கீல் பக்கமோ முன்சக்கர வளைவுக்குப் பின்னாலோ வெளியே வரும். பின் டியூப்கள் பின்தூண் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு அருகிலோ பின்பம்பர் மறைவிலோ முடியும். ஆகவே "பீடிங் புதுசா போட்டாச்சு, இனி ஒழுகாது" என்று விற்பவர் சொன்னால் அது பாதி வைத்தியம்தான்.

டியூப் ஏன் அடைக்கிறது? தூசியும் பூந்தாதும் மட்கிய இலைத் துணுக்கும் தண்ணீரோடு சேர்ந்து களியாகி மேல் துளையில் உட்கார்ந்துகொள்ளும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இது சீக்கிரம் நடக்கும். கீழ் முனையில், பல மாடல்களில், வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கும். சக்கரம் அடிக்கும் சேறு அதன் உதட்டை ஒட்டவைத்துவிடும். மூன்றாவது காரணம் மனிதர்கள். டேஷ்கேமரா வயர் இழுக்கவோ ஸ்பீக்கர் மாட்டவோ தூணின் உள்மூடியைக் கழற்றியவர், திரும்ப மாட்டும்போது டியூபை மடக்கி வைத்திருப்பார், அல்லது அது இணைப்பிலிருந்து நழுவியிருக்கும். அப்போது அடைப்பே இல்லாமல் தண்ணீர் நேராக வண்டிக்குள் ஊற்றும்.

சோதிப்பது எளிது, ஆனால் நிறைய பேர் செய்வதில்லை. கூரையை முழுதாகத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரை, அதாவது 250 மில்லியை, முன்மூலைத் துளைக்குள் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். சில நொடிகளில் அதே பக்கம் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகி, தட்டில் தண்ணீர் தேங்கி நின்றால் பாதி அடைப்பு. தட்டு காலியாகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் டியூப் உள்ளே கழன்றிருக்கிறது. சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். பின்துளைகள் பல வண்டிகளில் கண்ணுக்குத் தெரியாது. வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, பக்கவாட்டுக் கால்வாயில் ஊற்றினால் தண்ணீர் தானாகப் பின்னால் ஓடும். நான்கு மூலையையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்று சரியாக இருப்பது போதாது, ஏனென்றால் சரிவில் நிறுத்தும்போது தாழ்ந்த மூலைதான் மொத்தத் தண்ணீரையும் சுமக்கும்.

தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்து போயிருக்கிறதா என்று பார்க்கக் கண்ணைவிட கை நல்லது. கார்பெட்டுக்கு அடியில் சில சென்டிமீட்டர் தடிமனுக்குப் பஞ்சு இருக்கிறது. மேல்பக்கம் காய்ந்து மொரமொரவென்று இருக்கும்போதே உள்ளே லிட்டர் கணக்கில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். கதவடிப் பிளாஸ்டிக் பட்டியை மெல்லத் தூக்கி, கார்பெட் ஓரத்துக்குள் டிஷ்யூ பேப்பரை நுழைத்து அழுத்துங்கள். ஈரம் ஏறினால் விஷயம் முடிந்தது. கூரைத் துணியில் உள்விளக்கு, கைப்பிடி, சன்வைசர் கொக்கி ஆகியவற்றைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்களில் பச்சை நிறப் பொடி பூத்திருந்தால் அந்த வண்டியில் இனி ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எப்போது வேண்டுமானாலும் எரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள். புதிதாக ஷாம்பு போட்டு, சென்ட் தூக்கலாக அடித்த வண்டியில் இந்தச் சோதனைகள் இன்னும் அவசியம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்தால் உடனே சன்ரூஃபைக் குற்றம் சொல்லக் கூடாது. ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் முன்பக்கக் கார்பெட் நனையும். வெயில் நாளில், ஏசி ஓடிய பிறகு, நடு கன்சோல் பக்கமிருந்து ஈரம் பரவினால் அது ஏசி. மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு, கதவோரத் தூண் அடியிலிருந்து வந்தால் சன்ரூஃப் டியூப். கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்தாலும், விண்ட்ஷீல்ட் ஒட்டு விட்டாலும், கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர் காய்ந்தாலும் இதே மாதிரி ஈரம் வரும். இடத்தைக் கண்டுபிடிக்காமல் பீடிங்கைச் சுற்றி சிலிக்கான் பசை பூசி மூடுவது மிக மோசமான வேலை; அப்படிப் பூசிய தடம் தெரிந்தால் அந்த வண்டியில் காரணம் தெரியாத ஒழுகல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடைப்பை எடுக்க கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் அடிப்பது வழக்கமாக இருக்கிறது. வேண்டாம். அடைப்பு போவதற்கு முன் டியூப் மேல் இணைப்பிலிருந்து கழன்றுவிடும், அதை மாட்டக் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும். இரும்புக் கம்பியும் கூடாது, வளைவில் டியூபைக் குத்திக் கிழிக்கும். புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் 2 மில்லிமீட்டர் நைலான் நரம்பு நல்லது. முனையை நெருப்பில் லேசாகக் காட்டி உருட்டையாக்கி, மேலிருந்து மெல்லச் சுழற்றிக்கொண்டே விடுங்கள். எதிர்த்தால் அழுத்தாமல் பின்னிழுத்து மறுபடி விடுங்கள். கீழ் வால்வைக் கையால் பிதுக்கிச் சேற்றை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். ஈரம் உறிஞ்சும் வேக்யூம் இருந்தால் கீழ் முனையிலிருந்து இழுப்பது இன்னும் பத்திரம். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

அடுத்து ரெயில். மோட்டார் ஒன்றுதான், அது இரண்டு பக்கமும் ஓடும் பல்வைத்த கேபிளைத் தள்ளி இழுக்கிறது. கேபிள் முனையில் இருக்கும் வழிகாட்டித் துண்டுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கத் தொடங்கும்போது இந்தத் துண்டுகள்தான் முதலில் உடையும். ஒரு பக்கம் உடைந்தால் கண்ணாடி கோணலாக நகரும். வாங்கும்போது மூன்று நான்கு தடவை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள், பின்பக்கம் தூக்கும் டில்ட்டையும் சேர்த்து. மோட்டாரின் ஓசை முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். "டக் டக்" என்று பல் தாண்டுகிற ஓசை கேட்டாலோ, பாதியில் நின்று திரும்பினாலோ, ஒரு மூலை பிந்தி வந்தாலோ பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். உதிரியாக வழிகாட்டி கிடைக்காத மாடல்களில் முழு சட்டத்தையும் மாற்றச் சொல்வார்கள். அதற்குக் கூரைத் துணி இறங்க வேண்டும், பக்கவாட்டு ஏர்பேக்குகள் அந்த ஓரத்திலேயே இருப்பதால் கைதேர்ந்தவர்தான் தொட வேண்டும்.

ஆனால் ஒன்-டச் (பட்டனை ஒரு முறை தொட்டாலே முழுதாகத் திறந்து மூடும் வசதி) வேலை செய்யவில்லை, மூடி முடித்ததும் தானே திறந்துகொள்கிறது என்றால் உடனே பயப்பட வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கன்ட்ரோல் யூனிட், கண்ணாடி எங்கே முடிகிறது என்பதை மறந்துவிடும். மூடும் பட்டனைப் பிடித்தே இருந்தால், பல வண்டிகளில் 10 முதல் 30 நொடிக்குள் கண்ணாடி தானே தூக்கி இறங்கி, இடத்தைக் கற்றுக்கொள்ளும். மாடலுக்கு மாடல் முறை மாறும், கையேட்டில் இருக்கும். இதைச் செய்யும்வரை கை சிக்கினால் பின்வாங்கும் பாதுகாப்பு வேலை செய்யாமல் இருக்கலாம், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

பராமரிப்பில் எல்லாரும் சறுக்குவது கிரீஸ். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்குச் சத்தம் போகும், ஆனால் இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பழைய கிரீஸை நூல் வராத துணியில் துடைத்தெடுத்து, தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸையோ பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த சிந்தெடிக் கிரீஸையோ மெல்லிய படலமாகத் தடவுங்கள். பட்டை பட்டையாக அப்பினால் தூசியைத்தான் பிடிக்கும். பீடிங்குக்கு ஈரத்துணியும், பிறகு ரப்பருக்கான சிலிக்கான் திரவமும் போதும். வேகத்தடையில் ஒரு சக்கரம் முதலில் ஏறும்போது மேலிருந்து வரும் "கிறீச்" பெரும்பாலும் காய்ந்த பீடிங் கண்ணாடியில் உரசுவதுதான், இதிலேயே போய்விடும்.

போகவில்லையென்றால் கண்ணாடியின் மட்டத்தைப் பாருங்கள். முன் ஓரம் கூரைக்குச் சமமாகவோ 1 மில்லிமீட்டர் வரை தாழ்ந்தோ இருக்கலாம். பின் ஓரம் சமமாகவோ 1 மில்லிமீட்டர் வரை உயர்ந்தோ இருக்கலாம். முன் ஓரம் தூக்கியிருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் விசில் அடிக்கும். பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்வது அரைமணி வேலை.

கண்ணாடி உடைவதைப் பற்றி. பெரும்பாலான சன்ரூஃப்கள் டெம்பர்ட், அதாவது சூடாக்கி இறுக்கிய கண்ணாடி. உடைந்தால் ஒரே நொடியில் சிறு துணுக்குகளாகும். சில பனோரமிக் கூரைகளில், அதாவது பின்சீட் வரை நீளும் பெரிய கண்ணாடிக் கூரைகளில், லேமினேட்டட் (நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) வரும், அது விண்ட்ஷீல்ட் மாதிரி விரிசல் விட்டுப் பிடித்துக்கொள்ளும். டெம்பர்ட்டில் சின்னக் கல்லடியையும் ரெசின் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. ஓரத்தில், கறுப்புப் பட்டை இருக்கும் இடத்தில், நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் கண்ணாடியை மாற்றுவதாகக் கணக்குப்போட்டே விலை பேசுங்கள். இன்ஷூரன்ஸில் கூரைக் கண்ணாடி அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, கறுத்த கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும் அளவுக்கு சூட்டைக் குறைப்பதில்லை. அது தானே சூடாகித் தலைக்கு மேலிருந்து வீசும். உள்ளே கெட்டியான பலகை மூடி இருக்கும் சிறிய சன்ரூஃப் இதில் தேவலை. மெல்லிய துணித் திரையோடு வரும் பனோரமிக்கில் பின்சீட்டுக்காரர்கள் மத்தியான வெயிலை உணர்வார்கள். வெப்பம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டலாம், ஆனால் மிகக் கறுப்பான, சூட்டை உறிஞ்சும் வகை வேண்டாம். கண்ணாடி கூடுதலாகச் சூடாகும்.

நன்மை? டில்ட்டில் வைத்து மெதுவாக ஓட்டினால், வெயிலில் நின்ற வண்டியின் அனல் ஓரிரு நிமிடத்தில் மேலே போய்விடும், ஏசி சீக்கிரம் பிடிக்கும். கறுப்பு உள்ளமைப்பு உள்ள வண்டியில் வெளிச்சம் பெரிய வித்தியாசம், பின்சீட்டில் குமட்டல் வருகிறவர்களுக்கு அது உதவுவதாகப் பலர் சொல்வார்கள். முழுதாகத் திறந்து ஓட்டுவதோ, முதல் சில மாதத்துக்குப் பிறகு, அபூர்வம்தான். வேகத்தில் திறந்தால் காதில் "தும் தும்" என்று அறையும். பின்ஜன்னலை இரண்டு விரல் இறக்கினால் நின்றுவிடும். விலையாகக் கொடுப்பது, தலைக்கு மேல் 2 முதல் 5 சென்டிமீட்டர் இடம். உயரமானவர்கள் சீட்டைச் சரிசெய்து உட்கார்ந்து பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். எடையும் உண்டு: 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, சட்டமும் மோட்டாரும் தனி.

வகை வாரியாகச் சொன்னால், பழைய காரில் மிகக் குறைந்த தொல்லை திறக்காத கண்ணாடிக் கூரை; ஒட்டு மட்டும்தான், ரெயிலும் இல்லை, டியூபும் இல்லை. அடுத்தது முன்சீட்டுக்கு மேல் மட்டும் திறக்கும் சிறியது. பத்து வயதான, திறக்கிற பனோரமிக்கை மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் தேறினால் மட்டும் தொடுங்கள். சன்ரூஃபுக்காக விலை கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. நான்கு மூலையும் வடிகிற நல்ல வண்டியை சன்ரூஃப் இருக்கிறது என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

கம்பெனியில் வராமல், பிறகு வெளிக்கடையில் கூரையை வெட்டிப் பொருத்திய சன்ரூஃப் இந்தக் கணக்கிலேயே சேராது. உள் ஓரத்தில் ரம்பம் போன தடம், பெயின்ட் படாத தகரம், டியூபே இல்லாத சட்டம், கூரை விளக்கின் வயரிலிருந்து எடுத்த மின்னிணைப்பு ஆகியவை அதன் அடையாளம். கூரையின் குறுக்குச் சட்டமும் வெட்டுப்பட்டிருந்தால் அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் எடுக்காதீர்கள்.