விஆர் ஹெட்செட்டோடு மூன்று வருடம்

கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் சுற்றுலாப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். 2022இல் செகண்ட் ஹேண்டில் ஒரு விஆர் ஹெட்செட் வாங்கினேன், சொந்தக் காசுதான். கண்ணில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே நிற்பது போல் சுற்றிலும் காட்சி தெரியும் கருவி அது. அதை வைத்துப் பாடம் நடத்தி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதல் மாதம் ஒரே திருவிழா. தஞ்சைப் பெரிய கோயிலின் 360 டிகிரி வீடியோ, ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒருவன் பார்க்கும்போது மற்ற இருபத்தொன்பது பேரும் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆள் வருவதற்குள் சார்ஜ் போய்விடும். அடுத்த வாரம் கேட்டால், "சூப்பரா இருந்துச்சு சார்." அவ்வளவுதான். கோயிலைக் கட்டி முடித்த 1010உம் நினைவில் இல்லை, யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 1987உம் இல்லை.

படத் தெளிவும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. 4கே என்று போட்டிருந்தாலும் அந்த 3840 புள்ளிகளும் சுற்றிலும் பரவிக் கிடக்கின்றன. ஒரு நேரத்தில் கண் முன்னால் வருவது கிட்டத்தட்ட கால்வாசிதான். அடித்தளத்துக் கல்வெட்டு எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும்.

அப்புறம் தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. ஒருநாள் ஹெட்செட் காட்சியை லேப்டாப்பில் போட முடியவில்லை. மாட்டியிருந்தவனிடம், பக்கத்திலிருந்த மாணவியைச் சொல்லி, "நீதான் டூரிஸ்ட், இவதான் கைடு" என்று சொல்லிவிட்டேன். அவன் என்ன பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. "இப்ப வலப்பக்கம் திரும்புங்க, நந்தி தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால், "இங்க செவுருதான் இருக்கு" என்பான், வகுப்பே சிரிக்கும். அடுத்த முறை அவள் வரைபடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து லேப்டாப்பை மூடியேதான் வைக்கிறேன்.

போன வருடம் 360 கேமரா ஒன்றை இரவல் வாங்கி, கூத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டு, ஒரு பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடத்துக்குள் வைத்தோம். இந்தக் கூத்தை வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் திரையில் நிழல் மட்டும்தான். கேமரா நின்றதோ திரைக்குப் பின்னால். பாதி தேங்காய் மூடிகளில் வரிசையாக 21 விளக்குகள், ஆடும் தோல்பாவை, கம்பராமாயணப் பாட்டு. ஆமாம், தமிழ்ப் பாட்டுதான், மலையாள வாடையோடு. பார்க்க ஆளே வராவிட்டாலும் கூத்து நடக்கும்; எதிரே பகவதி பார்க்கிறாளே. ஹெட்செட்டை மாட்டிய ஒரு பையன் விளக்குப் பக்கம் கையை நீட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஆள் போக முடியாத இடத்துக்குத்தான் இந்தக் கருவி என்று எனக்குப் பட்டது அப்போதுதான். பாலக்காடு கோட்டை பஸ் ஏறினால் வந்துவிடும், அதற்கெதற்கு விஆர்?

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. கேமரா நகரும் வீடியோவில் நாலு பேருக்காவது குமட்டும். கண் நகர்கிறது என்கிறது, காது இல்லை என்கிறது. நிலையாக வைத்து எடுத்ததில் அந்தத் தொல்லை குறைவு. தேங்காய் எண்ணெய்த் தலைகளால் முகப்பஞ்சு இரண்டு முறை மாற்றியாயிற்று. ஒரு மத்தியானம் ஹெட்செட்டை ஜன்னலோரம் கவிழ்க்காமல் வைத்துவிட்டேன். வெயில் லென்ஸ் வழியாக இறங்கித் திரையில் ஒரு மஞ்சள் புள்ளியைச் சுட்டுவிட்டது. என் தவறுதான், இன்றும் எல்லாக் கோயில் வானத்திலும் அந்தப் புள்ளி நிற்கிறது.

வாங்குவதாக இருந்தால் ஹெட்செட் ஒன்று போதும், மிச்சக் காசில் 360 கேமரா வாங்கிவிடுங்கள்.

அடுத்து எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் நடக்கும் கொங்கன்படைக்குக் கேமராவோடு போவதாகத் திட்டம். கொங்குப் படையைத் துரத்தியடித்த வெற்றிக்கான திருவிழா அது. அந்தக் கதையில் தோற்பது நம்ம பக்கத்து ஆட்கள். இதைத் தமிழில் எந்தக் குரலில் சொல்வது, "நாம ஜெயிச்சோம்" என்றா, "நாம தோத்தோம்" என்றா என்று பிள்ளைகளுக்குள் இப்போதே சண்டை.